"பார்த்துப் போ" என்று சொல்வதற்கு முன்: வீடு, பள்ளி, விளையாட்டு மூன்றிலும் பிள்ளைகளைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையிடம் தினமும் சொல்கிறோம், "பார்த்துப் போ". விளையாடப் போனால் "பத்திரம்". அடுப்படிக்குள் வந்தால் "கிட்ட வராதே". எல்லாம் அன்பில் வரும் வார்த்தைகள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், மூன்றுமே பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிள்ளையின் தலையில் வைத்துவிடுகின்றன. எதிரே வரும் பேருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணிக்கத் தெரியாது. கொதிக்கும் ரசத்துக்கும் ஆறிய ரசத்துக்கும் வித்தியாசம் இரண்டு வயதில் கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலை நம்முடையது.

எனக்கு இது புரிந்தது ஒரு தண்ணீர் லாரி வந்த நாளில். சென்னையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, லாரிக் குழாயை உள்ளே விட்டிருந்தார்கள். பணம் எடுக்க அப்பா உள்ளே போனார். லாரித் தம்பி வண்டிப் பக்கம் போனார். நான் சமையலறையில். வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தோம். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து என் மகனை இடுப்போடு சேர்த்துத் தூக்கியபோது, அவன் சம்ப் விளிம்பில் குந்தி உட்கார்ந்து உள்ளே கை நீட்டிக்கொண்டிருந்தான். "உள்ள ஒரு பையன் இருக்கான்" என்றான். தன் முகத்தைத்தான் சொல்லியிருக்கிறான். அப்போது அவனுக்கு மூன்று வயது. அவனை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நாங்கள் ஐந்து பேருமே நினைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு படித்தது, டாக்டர்களிடம் கேட்டது, பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு படி போதும்.

படி 1: தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து அல்லது தவழ்ந்து வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாததெல்லாம் தெரியும். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மாத்திரை, தொங்கும் சார்ஜர் வயர், மேசை விரிப்பின் நுனி, கேஸ் அடுப்பின் குமிழ்.

முதலில் தண்ணீர். சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். இரும்பு மூடி கனமாக இருக்கிறது, பிள்ளையால் தூக்க முடியாது என்ற சமாதானம் வேண்டாம், விபத்து நடப்பது மூடி திறந்திருக்கும் நேரத்தில். லாரி வரும்போதும் தொட்டி கழுவும்போதும் ஒருவர் அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். குளியலறை வாளியை இரவில் கவிழ்த்து வையுங்கள். தவழும், தத்தி நடக்கும் பிள்ளைக்கு உடலைவிடத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, அதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். சத்தமும் வராது. மூழ்கும் பிள்ளை கத்தும், கையை அடிக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த எங்கே முடியும்?

அடுத்து அடுப்படி. நம் வீடுகளில் தீக்காயத்தைவிடக் கொதிக்கும் சாம்பார், பால், கஞ்சி கொட்டி வரும் காயங்களே அதிகம் பார்க்கிறோம். வடித்த கஞ்சியையும் இறக்கிய குழம்பையும் தரையில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விசேஷ வீட்டில், கோயில் அன்னதானத்தில் அண்டாக்கள் தரையில்தான் இருக்கும். அங்கே பிள்ளையின் கையை விடக் கூடாது. வாணலிக் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சூடான காபி குடிக்க வேண்டாம். இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ செய்யாமல், ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்குப் பேசுங்கள்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது? குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் விடுங்கள். பிள்ளை அழும், நமக்கும் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். சின்னக் குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் படட்டும், மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். அப்புறம் சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

விஷப் பொருட்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அந்தப் பாட்டிலுக்கு ஒரே அர்த்தம்தான் பிள்ளைக்குத் தெரியும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், ஆசிட் வரும் வழியெல்லாம் இன்னொரு முறை புண்ணாக்கும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் இன்னும் மோசம். தின்ற பிள்ளை ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், அதன் பிறகு ஈரல் பழுதாகும். "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பேஸ்ட்டே வேண்டாம், எலிப்பொறி போதும்.

ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை ஒரு காசு விழுங்கியதுபோல நினைக்கக் கூடாது. உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், அந்த நிமிடமே எக்ஸ்ரே எடுக்கக் கிளம்புங்கள். வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை இவற்றை நான்கைந்து வயது வரை அப்படியே கொடுக்காமல் நசுக்கியோ நறுக்கியோ கொடுங்கள்.

மின்சாரத்தில் நம் ஊருக்கே உரிய ஆபத்து, வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். அந்த அறைக்குள் பிள்ளை போகாதபடி கதவைச் சாத்துங்கள். மின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். கசிவு வந்த நொடியில் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். சாதாரண எம்சிபி அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று, சேலையில் கட்டும் ஊஞ்சல். கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது வேறு. பெரிய பிள்ளைகள் சேலைக்குள் உட்கார்ந்து முறுக்கி முறுக்கிச் சுற்றும்போது துணி கழுத்தை இறுக்கி இறந்த செய்திகளை ஒவ்வொரு ஆண்டும் படிக்கிறோம். தம்பி பாப்பா தூங்கி எழுந்ததும் தூளியை அவிழ்த்துவிடுங்கள், அல்லது எட்டாத உயரத்துக்குச் சுருட்டிக் கட்டுங்கள்.

படி 2: பேர் சொல்லி ஒப்படையுங்கள்

இதற்குப் பணம் செலவில்லை. எல்லாவற்றிலும் இதுவே பெரிய பலன் தந்தது என்பது என் அனுபவம்.

பிள்ளையை விட்டு நகரும்போது, ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் கண்ணைப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். "மாமா, நான் குளிக்கப் போறேன். பாப்பா உங்க பொறுப்பு." அவர் "சரி" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்படைத்ததாகக் கணக்கில்லை. முதல் வாரம் வீட்டில் எல்லோருக்கும் விசித்திரமாக இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது ஏழு வயது மகளே கேட்கிறாள், "இப்ப தம்பி யார்கிட்ட?"

கல்யாண வீடு, துக்க வீடு, வீடு மாறும் நாள், விருந்தாளி கிளம்பும் நேரம். கூட்டம் அதிகமாக இருக்கும் இந்த நேரங்களில்தான் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போகும். விருந்தாளி கார் பின்னால் நகரும்போது பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே டாட்டா காட்டுங்கள். நிறுத்திய காரைப் பூட்டியே வையுங்கள். விளையாட உள்ளே ஏறிக் கதவு மூடிக்கொண்டால், வெயிலில் சில நிமிடங்களிலேயே உள்ளே அனல் ஏறிவிடும்.

படி 3: காய்ச்சல், மருந்து, தடுப்பூசி

பாராசிட்டமால் சிரப் ஒரே அளவில் வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. போன முறை பாட்டிலுக்குச் சொன்ன அளவை இந்த முறை பாட்டிலுக்குக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு. டாக்டர் சொன்ன அளவைப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், மூடியோடு வரும் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். ஐந்து வயதுக்குள் இருமல் சிரப்பை டாக்டர் எழுதாமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சாதாரணச் சளி இருமல் தானே அடங்கும்.

மழைக்காலக் காய்ச்சலில் டெங்குவை மனதில் வையுங்கள். பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது. காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம், ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். தொடர் வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், அசந்து கிடப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதனால் முழுக்கை உடையும் கொசுவலையும் மதியத் தூக்கத்துக்கும் வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதித் தூளைப் போட்டு மீதியை வைத்தால் அளவு கெடும். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவது கூடாது, பாட்டி கோபித்துக்கொண்டாலும் கூடாது.

தடுப்பூசியில் பலரும் விட்டுவிடுவது 5 வயது டிபிடி பூஸ்டரும், 10 மற்றும் 16 வயதில் போடும் டிடி ஊசியும். அட்டையை எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் தருவார்கள். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

படி 4: பள்ளிக்குப் போகும் வழி

ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் போகும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. பள்ளி வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பாமலே ஒருவரிடம் பேசத் தொடங்குவோம். பிள்ளை இறங்கும்போது கைக்குக் கிடைப்பது ஆக்ஸிலேட்டர். வண்டி பாய்ந்துவிடும். வண்டி நின்றதும் முதல் வேலை எஞ்சினை அணைப்பது, பேச்செல்லாம் அப்புறம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டோடு ஓட்டுபவருடன் இணைக்கும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சிக்காமல் செருகியிருக்கட்டும்.

பதினாறு வயதுப் பையனிடம் வண்டிச் சாவி கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயதுக்குள் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

பள்ளி வேன் விஷயத்தில் 2012 ஜூலையை மறக்க முடியாது. தாம்பரம் அருகே, சேலையூரில் உள்ள ஒரு பள்ளியின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஓர் இரண்டாம் வகுப்பு மாணவி கீழே விழுந்து, அந்தப் பேருந்தின் சக்கரத்திலேயே சிக்கி இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வண்டிகளைச் சோதிக்கிறது. நீங்களும் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். தரை உறுதியா, அவசரக் கதவு திறக்கிறதா, உதவியாளர் இருக்கிறாரா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டா, கதவைச் சாத்திய பிறகுதான் வண்டி நகர்கிறதா? ஓட்டுநரிடம் மரியாதையாகக் கேட்டால் அவரே காட்டுவார்.

இறங்கும் இடம் ஏறும் இடத்தைவிட ஆபத்தானது. இறங்கிய பிள்ளை வண்டியின் முன்பக்கமாகக் குறுக்கே ஓடும். உயர்ந்த இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்குக் கீழே பிள்ளை தெரியாது. ஆகவே வண்டி கிளம்பிப் போகும்வரை பிள்ளை ஓரத்தில் நிற்க வேண்டும், நாமும் சாலையின் அதே பக்கத்தில் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று "வா கண்ணு" என்று கை நீட்டினால் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கும், சாலையைப் பார்க்காது.

படி 5: பள்ளிக்குள்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். குறுகலான படிக்கட்டு, தப்பிக்க வழியில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் மழலையர் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது. கூரை, சுவர், மூடி. மூன்றும் யாராவது முந்தைய நாள் நின்று பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை.

அந்த "யாராவது" நாமாக இருக்கலாம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் ஒரு தாய்தான். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், முன்கூட்டியே வளாகத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். தொட்டி மூடிகள், கிணறு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, விரிசல் விட்ட சுவர், மாடிக் கைப்பிடி, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி. பார்த்ததைத் தீர்மானமாக எழுதி, தேதியோடு பதிவேட்டில் ஏற்றுங்கள். வாயால் சொன்னது அடுத்த மாதம் மறந்துபோகும், எழுதியதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். தனியார் பள்ளியென்றால் முதல்வருக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? பிள்ளைக்குத் தாகம் இல்லை என்று அர்த்தமில்லை. கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்தோ, தாழ்ப்பாள் இல்லாததாலோ, கேட்டால் டீச்சர் திட்டுவார் என்றோ தண்ணீரே குடிக்காமல் இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் இது மிக அதிகம். விளைவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைவலி. "ஏன் தண்ணி குடிக்கல?" என்று கேட்காமல், "ஸ்கூல்ல பாத்ரூம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். எங்கள் பள்ளிக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது, ஒரு தாய் சொன்னார்: மகள் ஓடிவந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்ரூமுக்குப் போவாள், பசியில் ஓடி வருகிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். அந்த மாதம் நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. நான்கு தாழ்ப்பாள், ஒரு குழாய், ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டி. கேரளப் பள்ளிகளில் 2019-இல் தொடங்கிய "வாட்டர் பெல்" இப்போது நம் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. மணி அடித்தால் குடிப்பார்கள்தான், போவதற்கு இடம் நன்றாக இருந்தால்.

ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை, சர்க்கரை நோய் உள்ள பிள்ளையென்றால், என்ன அறிகுறி, என்ன மருந்து, யாரை அழைப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியரிடமும் வேன் உதவியாளரிடமும் கொடுங்கள். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா, டிவியின் கிட்டே போய் நிற்கிறதா என்று கவனியுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவே கண்ணைச் சோதிக்கும், அரசுப் பள்ளிகளில் கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கும். புத்தகப் பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை. ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

படி 6: உடலைப் பற்றிப் பேசுங்கள், இன்றே

மூன்று வயதிலிருந்தே தொடங்கலாம். உடல் உறுப்புகளுக்கு வீட்டுக்குள் மட்டும் புரியும் செல்லப் பெயர் வேண்டாம், எல்லோருக்கும் புரியும் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை ஒரு நாள் டீச்சரிடம் சொல்ல நேர்ந்தால் அவருக்குப் புரிய வேண்டும். உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடவோ பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது, டாக்டர் பார்ப்பதென்றாலும் அம்மா அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். இதைப் பையன்களுக்கும் சொல்ல வேண்டும். பலரும் அதை விட்டுவிடுகிறோம்.

"மாமாவுக்கு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லட்டும், போதும். உறவினர் வருத்தப்படலாம். வீட்டுக்குள்ளேயே "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லாவிட்டால், வெளியே அதைச் சொல்ல பிள்ளைக்கு எங்கிருந்து தைரியம் வரும்? தவறாக நடப்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவராகவே இருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பழக்குங்கள்.

பிள்ளை வந்து சொன்னால், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல." இந்த இரண்டு வாக்கியம் முதலில். மீண்டும் மீண்டும் கேட்டுக் குடையாதீர்கள், பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரத்திலும் பேசலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். பள்ளி நிர்வாகம் "வெளியே தெரிய வேண்டாம்" என்று மூடி மறைத்தால் அதுவும் குற்றம்தான். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, முடிந்தவரை பெண் அதிகாரி, வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது.

செல்போனுக்கும் இதே பாடம்தான். முன்பின் தெரியாதவர் ஆன்லைன் கேமில் படம் கேட்டாலோ மிரட்டினாலோ போனைப் பிடுங்கித் திட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள். திட்டு விழுந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை நம்மிடம் வராது.

படி 7: விளையாடும் இடம்

பிள்ளைகள் வெளியே விளையாட வேண்டும், மரம் ஏற வேண்டும், முட்டி சிராய்க்க வேண்டும். அதைத் தடுக்கச் சொல்லவில்லை. உயிர் போகும் நான்கைந்து இடங்களை மட்டும் அடைத்துவிட்டு, மற்றதில் தாராளமாக விடுங்கள்.

நீர்நிலைகள்: கோடை விடுமுறையில் தாத்தா ஊருக்கு வரும் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கண்மாயும் கிணறும் ஆறும் பழக்கமில்லாதவை. மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாக இருக்கும். கல்குவாரிக் குட்டைக்குக் கரையே கிடையாது, கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. ஆறேழு வயதில் நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆனால் நீச்சல் தெரியும் என்பதற்காகத் தனியாக விடாதீர்கள். நண்பன் மூழ்கினால் தானும் குதிக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன வீடுகள் நம் ஊரில் எத்தனை! கத்தி ஆள் கூப்பிட வேண்டும், கரையில் படுத்துக்கொண்டு கம்போ, துண்டோ, சேலையோ நீட்ட வேண்டும், மூடிய காலிக் குடத்தை வீச வேண்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் நேரத்தைக் கொல்லும், வயிற்றிலிருப்பது மூச்சுக்குழலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று 108 வரும்வரை நிறுத்தாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்க வேண்டும். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சி உங்கள் ஊரில் நடந்தால் போய் வாருங்கள்.

ஆழ்துளைக் கிணறு: 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகத் தமிழ்நாடே நான்கு இரவு தூங்கவில்லை. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சாக்கும் பலகையும் போட்டு மூடுவது மூடியதாகாது, மழையில் மக்கி உள்வாங்கும். உங்கள் வயலிலோ பக்கத்து வயலிலோ ஒன்று இருந்தால் இந்த வாரமே பாருங்கள்.

நாய்: கடித்தாலும் பிராண்டினாலும், வீட்டு நாயோ தெரு நாயோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். அதே நாளில் அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் காயத்திலேயே போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். சொன்ன தேதி எல்லாவற்றுக்கும் போங்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் காப்பாற்ற அனேகமாக வழியே இல்லை. இதில் பெரிய சிக்கல், அடிக்குப் பயந்து பிள்ளை கடியை மறைப்பது. "நாய் பக்கம் ஏன் போன?" என்ற கேள்வியை ஊசி போட்டு வந்த பிறகுகூடக் கேட்காதீர்கள்.

பாம்பு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் தடமும் தெரியாமலே இருக்கலாம். விடிகாலையில் பிள்ளை வயிற்று வலி என்று அழுது, இமை தொங்கினால் பாம்புக்கடியைச் சந்தேகியுங்கள். தரையில் படுத்தாலும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிச் செருகிவிடுங்கள். கடித்த இடத்தை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். காலை அசையவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், நடக்கவிட வேண்டாம்.

வெயில், பட்டாசு: கத்திரி வெயிலில் 11 முதல் 4 மணி வரை கிரிக்கெட் வேண்டாம். தீபாவளிக்கு எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைப் போட ஒரு வாளி மணலோ தண்ணீரோ வாசலிலேயே இருக்கட்டும். வெறுங்காலில் அந்தக் கம்பியை மிதித்துத்தான் நிறையப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

படி 8: தொண்டையில் அடைத்தால்

இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும், தொடாதீர்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால் உடனே செயல்படுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால், முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேலே என்றால், முன்னால் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுப்பது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். பொம்மையை வைத்து வீட்டில் எல்லோரும், முக்கியமாகத் தாத்தா பாட்டி, ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

படி 9: கதவுக்குப் பின்னால் ஒரு தாள்

பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.

108 – ஆம்புலன்ஸ்
112 – எந்த அவசரத்துக்கும்
101 – தீயணைப்பு
1098 – குழந்தைகள் உதவி
14417 – பள்ளிக் கல்வித் துறை உதவி மையம்
அம்மா எண், அப்பா எண், எதிர்வீட்டு எண்
வீட்டு முகவரி, பக்கத்தில் உள்ள அடையாளம்

கடைசி வரி முக்கியம். 108-இல் முதலில் கேட்பதே "எந்த இடம்?" என்றுதான். கதவு எண் தெரியாவிட்டாலும், "பிள்ளையார் கோயில் பக்கத்துத் தெரு, பச்சை கேட்" என்று சொல்லப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். போன் லாக்கைத் திறக்காமலே அவசர அழைப்பு போகும் என்று காட்டிக் கொடுங்கள். அம்மாவின் எண்ணை மனப்பாடம் செய்ய, அதைப் பாட்டாக்கிப் பாடினால் நான்கு வயதிலேயே வந்துவிடும். என் மகன் குளிக்கும்போது பாடுவான். நடுவில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பாடுகிறான், இந்த வாரம் அதைத் திருத்த வேண்டும்.